சுவர்ப் பக்கமாக நடந்தவர்

நடைபாதையில் இரண்டு பேராகப் போனால் அவர் எப்போதும் சுவர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்வார். என்மேல் உள்ள மரியாதையில்தான் அப்படி ஒதுங்குகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். பேசிக்கொண்டே வருகையில் அவருடைய இடது கை சுவரைத் தடவிக்கொண்டே வரும். ஒட்டிய போஸ்டர் ஒன்று வந்தால் பெருவிரல் நகம் அதன் மூலையைத் தேடும். மூலை காய்ந்து எழும்பியிருந்தால் "ம்" என்பார். அந்த "ம்" எனக்கா சுவருக்கா என்று தெரியாமல் நான் பல தடவை சொன்ன கதையையே திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பொறியியல் படிக்க உதவித்தொகையில் சிட்னிக்கு வந்து, நியூடவுனில் அவருடைய ஒடுங்கிய வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கண்ட முதல் ஆள் நான். அப்பா புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நீர் இறைத்தவர். தேநீர்க் கடையில் எங்கள் ஆட்களுக்கு மட்டும் போத்தலில் தேநீர் ஊற்றிக் கொடுத்த ஊரில் பிறந்தவன். அந்நாளில் சிட்னியில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் மிகச் சில. ஒவ்வொரு வீட்டிலும் "எந்த ஊர்?" என்ற கேள்விக்குப் பிறகு, "ஊரில எந்தப் பக்கம்?" என்று இரண்டாவது கேள்வி வரும். பிறகு வரும் தேநீரின் சூடு என் பதிலைப் பொறுத்திருக்கும். இவர் இரண்டையும் கேட்கவில்லை. அறையைக் காட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, நீர் வந்த வழியில ரயில்வே மதில்ல சிவப்பு மையில போஸ்டர் ஒண்டு ஒட்டியிருந்தது. அது இன்னும் கிடக்கோ?"

நான் மதிலையே பார்க்கவில்லை. அவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பதுதான் அவர் வேலை. நாற்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். பழைய உடுப்புக் கடையில் வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிக் கோட் ஒன்று வைத்திருந்தார். அதன் முதல் சொந்தக்காரன் பெரிய உருவமாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் இவர் ஒரு கூடாரத்துக்குள் நிற்பதைப் போல நிற்பார். அந்த நாட்டில் சித்திரை பிறந்து குளிர் தொடங்கினால் கோட் ஏறும், வசந்தம் வந்து வெகுநாள் போன பிறகுதான் இறங்கும். "எனக்குள்ள இருக்கிற யாழ்ப்பாணம் இன்னும் நனையேல்லைத் தம்பி, குளிர் மட்டும் பிடிச்சிட்டுது" என்பார்.

அவர் சேர்த்தவை எல்லாம் கறுப்பு மக்களின் விடுதலைப் போராட்டப் போஸ்டர்கள். ரெட்ஃபெர்ன், சிப்பெண்டேல், நியூடவுன் சுவர்களெல்லாம் அப்போது அவற்றால் நிறைந்திருந்தன. இந்த மண்ணின் பூர்வகுடிகள் நிலத்தைத் திருப்பிக் கேட்ட போஸ்டர்கள், கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாக. நிறவெறித் தென்னாபிரிக்காவின் விளையாட்டு வீரர்களைத் திரும்பிப் போகச் சொன்னவை. அமெரிக்காவிலிருந்து எவர் பெட்டியிலோ வந்து இங்கே மறுபடி அச்சான உயர்ந்த முஷ்டிகள். ஏன் சேர்க்கிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். கொள்கை விளக்கம் ஒன்றை எதிர்பார்த்தேன், அந்த வயது அப்படி.

"நாளைக்கு மழை பெய்தால் இதுக்கு ஆர் இருக்கினம்?" என்றார். அவ்வளவுதான். கேட்ட எல்லோருக்கும் அதே பதில்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. போஸ்டரில் உள்ள தேதி கடக்கும்வரை அதைத் தொடமாட்டார். கூட்டம் வெள்ளிக்கிழமை என்றால் சனிக்கிழமை காலையில் போவார். ஒரு பிளாஸ்கில் சுடுநீர், ஒரு பஞ்சு, பிறகு வீட்டுக் குசினியிலிருந்து எடுத்த, தோசை திருப்பும் தட்டகப்பை. கோதுமை மாப் பசை சுடுநீருக்கு இளகும் என்பதும், அவசரப்பட்டால் தாள் பிரியாமல் கிழியும் என்பதும் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. கொண்டுவந்ததைக் குளியலறைக் கொடியில் காயப்போட்டு, பழைய வேட்டியை மேலே விரித்து இஸ்திரிப்பெட்டியால் மெல்லத் தேய்த்து, ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட எக்ஸ்ரே உறைகளில் வைப்பார். உறையின் மேல் தெருப் பெயர், சுவர் எப்படிப்பட்டது, எடுத்த நாள் வெயிலா மழையா என்று எழுதுவார். போஸ்டர் எதைப் பற்றியது என்று எழுதமாட்டார். "அதை அது தானே சொல்லுது" என்பார்.

அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, தட்டகப்பைதான் பிரச்சினை.

"இஞ்சேருங்கோ, இண்டைக்குத் தோசையை நான் என்னத்தாலை திருப்புறது? ஊரெல்லாம் சுவரில ஒட்டிக்கொண்டு திரியுது. ஒட்டினதை உரிச்சுக்கொண்டு வர எனக்கெண்டு ஒரு மனிசன் வாய்ச்சிருக்கிறார்."

"கழுவித்தானே வச்சனான்."

"ஓம், கழுவி வச்சனியள். நேற்றுத் தோசையில அரைவாசி முஷ்டி ஒட்டியிருந்தது. தம்பி சாட்சி."

நான் தலையைக் குனிந்து சாப்பிடுவேன். நான் வந்த முதல் வாரமே அக்கா என்னிடம் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டவர்தான். நான் சொன்ன பிறகு தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். அதைக் கண்ட அவர், "தம்பிக்கு இன்னும் ரெண்டு தோசை போடும்" என்றார். அக்கா போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ரயில்வே பட்டறைச் சுவரில் அவர் நிலவுரிமைப் போஸ்டர் ஒன்றை இளக்கிக்கொண்டிருந்தார். நான் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொலிஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். உதவித்தொகையில் வந்தவன் அல்லவா. அந்த மனிதர் அவருடைய தோளில் தட்டினார்.

"நல்ல காரியம். இந்தக் குப்பையை எல்லாம் ஒட்டுறவங்களுக்கு உங்களைப் போல ஆக்களைக் காட்டவேணும். வந்த நாட்டைச் சுத்தமா வச்சிருக்கிறியள்."

சொன்னதோடு நிற்கவில்லை. உதவி செய்யும் உற்சாகத்தில் மறு மூலையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். போஸ்டர் குறுக்காகக் கிழிந்தது. அவர் தட்டகப்பையைக் கையில் வைத்தபடி நின்றார். "நன்றி" என்று சொன்னார். பொலிஸ்காரர் விசிலடித்துக்கொண்டு போனார்.

வீட்டு வாசலில்தான் சொன்னார். "நன்றி எண்டு சொல்லிப்போட்டன் தம்பி. வேற என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை." பிறகு இரண்டு துண்டுகளையும் ஒரே உறையில் வைத்தார்.

அதே சுவரில் இன்னொரு நாள் அவரை ரூபி பிடித்தாள். ரூபி பூர்வகுடிப் பெண். ரெட்ஃபெர்னில் ஒரு வீட்டின் பின்கட்டில் துணிச்சட்டம் கட்டி மை தள்ளி அந்தப் போஸ்டர்களை அச்சிட்டவளே அவள்தான். அவள் பேசியது ஆங்கிலம். எனக்குள் அது எங்கள் பேச்சாகவே பதிந்துவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

"எடேய், ஆர் உன்னை அனுப்பினது? பொலிஸோ, கவுன்சிலோ?"

அவர் தட்டகப்பையைப் பின்னால் மறைத்தார். அதைவிட மோசமாக ஒன்றும் செய்திருக்க முடியாது.

"அனுப்பேல்லை. இது நேற்றோட முடிஞ்சு போச்சுது. மழை வரப்போகுது" என்றார்.

அவள் நம்பவில்லை. எங்களோடு வீடுவரை நடந்து வந்தாள். உறை உறையாக எடுத்துப் பார்த்தாள். தான் அச்சிட்டு மறந்துபோனவை, முதல் தடவை மை பிசகி வெட்கப்பட்டு ஒட்டியவை, எல்லாம் அங்கே இருந்தன. சற்று நேரத்தில் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள். அக்கா யாரென்று கேளாமலே தேநீர் கொண்டுவந்தார்.

"இனி ஒவ்வொண்டிலையும் ஒண்டு உனக்கெண்டு எடுத்து வைக்கிறன். சுவரில ஏறி இறங்கத் தேவையில்லை" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை. சுவருக்குப் போகாதது எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

அவர் உறைகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார். ரூபி யோசித்தாள். அடுத்த வாரம் நாங்கள் எழுந்து பார்த்தபோது எங்கள் வீட்டு ஓரச் சுவரில் புத்தம் புதிய போஸ்டர் ஒன்று பசை காயாமல் ஒட்டியிருந்தது. அக்கா தலையில் கை வைத்தார். அவர் அதைத் தினமும் வேலைக்குப் போகும்போது பார்த்துவிட்டுப் போனார். தேதி கடக்கும்வரை தொடவில்லை. அக்காவையும் தொட விடவில்லை.

ரூபிக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் தெரியும். என் வயதுதான் அவனுக்கும். ஊர்வலங்களில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவன். கூட்டம் முடிந்ததும் அதே ஒலிபெருக்கியில் யாரிடம் சிகரெட் இருக்கிறது என்று கேட்பான். எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்காவின் பருப்புக் கறியைக் கிண்ணத்தோடு குடிப்பான். "எங்கட அம்மாவுக்கு இதைக் காட்டவேணும்" என்பான். அம்மா மிகத் தொலைவில், இரண்டு நாள் ரயிலும் பஸ்ஸுமாகப் போகவேண்டிய உள்நாட்டில் இருந்தார். ரூபி அவன் முகத்தையே ஒரு போஸ்டராக்கினாள். வாய் திறந்தபடி, கண் இடுங்கியபடி, ஒரு கை மேலே. அந்த வருடத்தில் அவள் செய்தவற்றிலேயே அழகானது அதுதான். அவர் அதன் தேதி கடந்ததும் ரயில்வே மதிலிலிருந்து ஒரு நூல்கூடப் பிசகாமல் எடுத்து வந்தார்.

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் அவனுக்கு இருமல் பிடித்தது. ஒரு நாள் வேலையால் வந்தவர் கோட்டைக் கழற்றாமலே படிக்கட்டில் இருந்தார்.

"பெடியன் இண்டைக்கு எங்கட இடத்துக்கு வந்தவன். நெஞ்சுப் படம் எடுத்தனான்."

"எப்பிடி இருக்குது?" என்றேன்.

"அதைத்தான் அவனும் கேட்டவன்."

எக்ஸ்ரே எடுப்பவர் படத்தைப் பற்றி நோயாளியிடம் வாய் திறக்கக்கூடாது. அது அங்கே கண்டிப்பான விதி. எத்தனையோ வருடங்களாகப் படத்தைக் கழுவித் தூக்கிப் பிடித்த கணமே எல்லாம் தெரிந்தும், "டொக்டர் சொல்லுவார்" என்று சொல்லி வந்தவர் அவர். அந்த வசனத்தை உறக்கத்திலும் சொல்வார் என்று அக்கா கேலி செய்வார்.

"படத்தைப் பார்த்தவுடனே விளங்கிட்டுது தம்பி. ரெண்டு பக்கமும் போயிட்டுது. இப்ப வந்தது இல்லை, கனநாளா இருந்திருக்கு. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு சிரிச்சான். 'சேகரிக்கிறதுக்கு நல்ல படமோ?' எண்டு கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

அவர் எழுந்துபோய்க் கோட்டைக் கழற்றி மாட்டினார். அதை அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அவன் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவில்லை. ரூபி உடலோடு தன் அம்மாவின் ஊருக்குப் போனாள். அவள் போயிருந்த நாட்களில் அவர் புது உறை எதையும் திறக்கவில்லை. சுவர்ப் பக்கமாக நடந்தார், ஆனால் கை கோட் பைக்குள் இருந்தது.

பிறகு ஒரு யோசனை வந்தது அவருக்கு. பிழை அங்கேதான் பிறந்தது. ஆனால் அந்நேரம் எங்கள் மூவருக்கும் அது பிழையாகவே தெரியவில்லை. எங்களில் யாருக்குத் தெரிந்திருக்கும்? செத்தவருக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்கிற நாளில் நாங்கள் என்ன செய்வோம்? படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டுவோம். சந்தனப் பொட்டு வைப்போம், மாலை போடுவோம், விளக்கு ஏற்றுவோம். பெயரைச் சொல்லி அழுவோம். சோறு சமைத்துச் சொந்தங்களைக் கூப்பிடுவோம். அவனுக்கு இந்த நகரத்தில் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அக்காவும் ஓம் என்றார்.

அந்தப் போஸ்டரை உறையிலிருந்து எடுத்துச் சட்டம் போட்டார். மல்லிகை இல்லாத ஊர். பக்கத்து வீட்டு வேலியில் குளிருக்குப் பூத்த வெள்ளைப் பூக்களைக் கேட்டு வாங்கி அக்கா மாலை கட்டினார். நெற்றியில் சந்தனம் வைத்தது அவர்தான். கண்ணாடியில் விரல் பட்ட இடத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தார். என் கூடப்பிறந்த மூத்த அக்கா சின்ன வயதில் காய்ச்சலில் போனவள். அவளுக்கு ஒரு படம்கூட எங்கள் வீட்டில் இல்லை. படம் எடுக்கும் கடைக்குள் நாங்கள் போனதில்லை. மாலை போட்ட அந்தப் படத்தைப் பார்த்து, ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்று நான் நினைத்தேன்.

திரும்பி வந்த ரூபியை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். கதவைத் திறந்தது நான். அவள் உள்ளே ஒரு காலை வைத்தாள். நேர் எதிரே விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம். அவள் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பி வெளியே ஓடினாள். வீட்டோரக் குறுகிய ஒழுங்கையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

துக்கம் தாங்காமல் போகிறாள் என்றுதான் நினைத்தோம். அக்கா பின்னாலேயே ஓடிக் கட்டிப்பிடித்தார். எங்கள் வழக்கப்படி அவன் பெயரைச் சொன்னார், பெயரைச் சொல்லிச் சொல்லி, "என்ர ராசா, கறியைக் கிண்ணத்தோட குடிப்பியே" என்று அழுதார். ரூபி காதைப் பொத்தினாள். அதைக் கண்ட அவர் உள்ளே ஓடிப்போய்ச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, மாலையோடு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"பார் பிள்ளை. தம்பி எங்கட வீட்டில இருக்கிறான். எங்கையும் போகேல்லை."

ரூபி கண்ணைத் திறக்கவில்லை. மெதுவான குரலில் சொன்னாள்.

"அதைத் திருப்பிப் பிடியுங்கோ. தயவு செய்து திருப்பிப் பிடியுங்கோ."

அவர் திருப்பினார். அவள் அந்தச் சுவரோரம் நின்றபடியே எங்களுக்குச் சொன்னாள். அவளுடைய அம்மாவின் மக்களிடம், இறந்தவரின் முகத்தைப் பார்க்கக்கூடாது. பெயரைச் சொல்லக்கூடாது. பார்த்தாலும் சொன்னாலும் போகிறவன் போகமுடியாமல் நிற்பான். இருப்பவர்களுக்கு அது புண்ணைக் கிண்டுவது போல. எவ்வளவு காலத்துக்கு என்று அவர் கேட்டார். "அம்மா சொல்லும்வரை. சிலவேளை சொல்லாமலே போகலாம்."

"எங்களுக்குத் தெரியாது பிள்ளை" என்றார் அவர்.

"அது எனக்கு விளங்குது. நீங்கள் அன்பாத்தான் செய்தியள். அதுதான் எனக்கு ஒண்டும் சொல்ல முடியேல்லை."

அக்கா சமைத்த சோற்றை அன்று யாரும் சாப்பிடவில்லை. அவர் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து உறையில் வைத்தார். அந்த உறையில் தெருவும் எழுதவில்லை, மழையும் எழுதவில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. அவனுடைய உடுப்புகளை எடுத்துப் போக அம்மா வியாழக்கிழமை ரயிலில் வருவதாக இருந்தது. சனிக்கிழமை பெரிய ஊர்வலம். அதற்கு நிலவுரிமை இயக்கத்து இளைஞர்கள் அவன் முகத்தையே மறுபடி அச்சிட்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். ரூபி போய்ச் சண்டை பிடித்திருக்கிறாள்.

"அவன் எங்களுக்கும் தம்பிதான் எண்டு சொல்லினம். அவன்ர முகத்தைக் காட்டாமல் ஆரின்ர முகத்தைக் காட்டுறது எண்டு கேக்கினம். அவை இந்த நகரத்தில பிறந்த பிள்ளையள், அவையின்ர வீடுகளில இந்த வழக்கம் இல்லை. அவை சொல்லுறது பிழை எண்டு என்னாலை சொல்ல முடியாது. அம்மா பிழை எண்டும் சொல்ல முடியாது." பிறகு அவரைப் பார்த்தாள். "ஸ்டேஷன்ல இருந்து என்ர வீடு மட்டும் ஒரே ஒரு தெரு. அதில மட்டும் எடுத்துவிட ஒத்துக்கொண்டிருக்கினம். உங்களுக்குத்தான் கிழிக்காமல் எடுக்கத் தெரியும். அவன்ர முகம் கிழியக்கூடாது."

அவள் போனபின் அக்கா சொன்னார், கேலி இல்லாமல்தான்: "தேதிக்கு முன்னம் உரிச்சால் பொலிஸுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

"ஓம்" என்றார் அவர். எழுந்து பிளாஸ்கைக் கழுவினார். அக்கா தட்டகப்பையைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை பின்நேரம் முழுவதும் நாங்கள் அந்தத் தெருவில் நின்றோம். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, கையாலேயே மூலையைத் தேடி, சுடுநீர் விட்டு, முகம் உட்புறமாக இருக்கும்படி சுருட்டினார். தெருவால் போனவர்களில் ஒரு பையன் எங்களைப் பார்த்துக் காறித் துப்பினான். அவனுக்கு என்ன சொல்வது? இருட்டுவதற்குள் தெரு வெறுமையானது. சுருள்களை அலமாரியின் மேல் வைத்தார்.

வியாழக்கிழமை காலை, ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று அவர்தான் கூப்பிட்டார். அதே தெருவில் இருந்த பேக்கரியின் சுவருக்கு வந்ததும் நின்றார். அங்கே அவன் முகம். ஒட்டி ஒரு மணி நேரம்கூட இருக்காது. தாளின் மேலேயும் பசை பூசி, வழிந்து, பளபளத்தது. விஷயம் தெரியாத யாரோ மாணவர்கள் விடியவே வந்து ஒட்டியிருக்க வேண்டும். அவர் மூலையைத் தொட்டார். ஈரத் தாள் விரலோடு பிய்ந்து வந்தது.

"இப்ப இழுத்தால் பாதி முகம் நிற்கும்" என்றார்.

நான் தெருவைப் பார்த்தேன். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ரூபி வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு சிறிய உருவம்.

"அண்ணை, வருகினம்."

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு திரும்பி, கோட்டின் இரண்டு பக்கத்தையும் கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்தார். முகம் முழுவதும் மறைந்தது. அந்தப் பெரிய கோட் அப்போதுதான் அவருக்கு அளவாக இருந்தது.

ரூபி கண்டதும் புரிந்துகொண்டாள். அம்மாவை மறுபக்கமாக அழைத்துப் போகப் பார்த்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் அவனோடு கடைசியாக அன்பாகப் பேசிய மனிதரைப் பற்றி அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள் போல. சேலைக்காரி ஒருத்தியின் புருஷன், நீளக் கோட் போட்ட கறுத்த மனிதன் என்று. அந்த அம்மா நின்று பார்த்தார். தெருவைக் கடந்து நேரே அவரிடம் வந்தார்.

"நீங்கள்தானோ படம் எடுத்தவர்?"

"ஓம் அம்மா."

அந்த அம்மா கை நீட்டினார். இவர் சுவரை விட்டு அசையாமல், ஒரு பக்கக் கோட்டை விட்டுவிட்டு, கையை மட்டும் நீட்டினார். விட்ட பக்கம் விழவில்லை. பசையில் பிடித்து அப்படியே நின்றது. அம்மா கையைப் பிடித்தவர் விடவில்லை.

"அவன் உங்களோட கதைச்சவனோ?"

"ஓம்."

"என்ன கேட்டவன்?"

"படம் எப்பிடி இருக்குது எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

ரூபி தலையைக் குனிந்துகொண்டாள். பேக்கரிக்குள் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"டொக்டர் சொல்லுவார் எண்டு சொன்னனான்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"தெரியும் அம்மா."

அந்த அம்மா அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் அவருக்கு உதவியாக இருந்திருக்கும். கடைசியில் அவர் கையைத் தன் பக்கம் மெல்ல இழுத்தார்.

"சுவரை விட்டு இஞ்சால வா மகனே. ஈரம். உடுப்பெல்லாம் ஊத்தையாகுது."

அவர் வரவில்லை. வரமுடியாது. "பரவாயில்லை அம்மா" என்றார். "பரவாயில்லை அம்மா" என்று மறுபடியும் சொன்னார்.

அவர்கள் தெரு முனையில் திரும்பும்வரை அவர் சுவரோடு நின்றார். அந்த அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கோட்டை விரித்தபடி ஒரு மனிதன் தன்னந்தனியாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதைத்தான் அவர் கண்டிருப்பார்.

"தம்பி, கோட்டின்ர கையைப் பிடியும். மெதுவா" என்றார்.

கோட்டுக்குள்ளிருந்து அவர் நழுவி வெளியே வந்தார். கோட் சுவரிலேயே நின்றது. இரண்டு பேருமாக அதைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக இளக்கினோம். போஸ்டர் முழுசாக, கம்பளியில் ஒட்டியபடியே வந்தது. ஒரு நூல் கிழியவில்லை. அவர் அதைப் பார்க்காமலே கோட்டை உட்புறமாக மடித்தார், முகம் உள்ளே இருக்கும்படி.

வீட்டில் அக்கா கை நீட்டினார். "தாங்கோ, சுடுநீரில ஊறவச்சு எடுத்துவிடுறன்."

"வேண்டாம்" என்றார்.

அதை அலமாரியின் மேலே, சுருள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆடி பிறந்து பெருங்காற்று வீசத் தொடங்கியது. அந்தக் குளிர்காலம் முடியும்வரை அவர் கோட் இல்லாமல்தான் வேலைக்குப் போனார்.